எடைக் குறைவுக்கு விளக்கம்

ஐயா,
மதுரை ஆபீஸ் மெமோ கிடைத்தது.
பன்னிரண்டாம் தேதி மண்டபத்தில் ஏற்றிய
ஒரு பெட்டி விளமீன்
அங்கே இறங்கும்போது ஆறு கிலோ குறைந்திருக்கிறது.
பூட்டு உடையவில்லை. சீல் அப்படியே.
டிரைவர் செகநாதன் எங்கேயும் நிறுத்தவில்லை,
பரமக்குடி டீக்கடையைத் தவிர.

ஆறு கிலோவும் ரோட்டில் கிடக்கிறது.
உச்சிப்புளியில் கொஞ்சம்.
ராமநாதபுரம் ரயில்வே கேட்டில்
நின்றதால் கொஞ்சம் கூடுதல்.
நீங்கள் வந்து பார்ப்பதற்குள்
ரோட்டிலும் இருக்காது.

ஏற்றும்போது 'திடம்' என்று டிக் அடித்தேன்.
சம்மட்டியால் உடைத்த ஐஸ்,
ஒரு சில்லு என் கணுக்காலில் தெறித்துக் காயம்.
இறக்கும்போது நீங்கள்
ஒழுகிய அடிப்பலகையைப் பார்த்துச்
சிவப்பு மையில் 'திரவம்' என்று திருத்தினீர்கள்.
இருவரும் பொய் சொல்லவில்லை.
இடையில் இருந்தது பங்குனி.

நம் ரசீதில் மூன்றே கட்டங்கள், ஐயா.
அச்சடித்தவர்
கடலோரத்தில் ஒரு மாதம்கூட இருந்ததில்லை.

வாலிநோக்கத்து உப்பு மூட்டை
வரும்போது கல்.
வாடைக்காற்று திரும்பிய ராத்திரி
சாக்கு வியர்த்து என் செருப்பு நனைகிறது.
அன்றைக்கு எடை கூடியது.
அதற்கு யாரும் மெமோ அனுப்பவில்லை.

கீழக்கரை சித்தி ஜொஹரா கொடுத்த அத்தர்
மெழுகு வைத்து அடைத்த குப்பி.
திரவத்துக்கான கட்டணம் வாங்கினேன்.
குப்பி சென்னை போய்ச் சேர்ந்த பிறகும்
கொட்டகையில் அது நின்றுகொண்டிருந்தது,
இரண்டு நாள்,
ரசீது இல்லாமல்.

ராமேஸ்வரம் கடைக்கு வந்த சூடப் பெட்டியை
ஆறு மாதம் யாரும் எடுக்கவில்லை.
திறந்தால் வில்லைகள் தேய்ந்து நகக்கண் அளவு.
உருகவில்லை. கசியவில்லை. எறும்பும் தொடவில்லை.
நடுக் கட்டத்தில் கால் வைக்காமல்
முதலிலிருந்து மூன்றாவதுக்குத்
தாண்டிப் போயிருக்கிறது.

மணலைத் திடம் என்பீர்கள்.
சரி, ஒரு மணியை நகத்தில் வைத்தால்
அதற்கென்று ஒரு மூக்கும் முழியும் இருக்கத்தான் செய்கிறது.
தனுஷ்கோடி ரோட்டில் மொத்தமாக ஏறி
வழியும்போது பாருங்கள்.
ஜேசிபி அள்ளிவிட்டுப் போகும்,
சாயங்காலம் மறுபடி வழிந்திருக்கும்.

போன மாதம் இன்னாசிமுத்து
வலையில் மாட்டிய சொறியைப் பக்கெட்டில் கொண்டுவந்தார்,
ஏதோ காலேஜுக்காம்.
"உயிர் இருக்கா?"
"கொஞ்சம் இருக்கு."
கையில் எடுத்தால் ஒரு வடிவம்,
தரையில் விட்டால் ஒரு ஈரம்.
மூன்று கட்டத்தையும் வெறுமையாக விட்டு அனுப்பினேன்.
அந்த மெமோவுக்காகவும் காத்திருக்கிறேன்.

வாயு என்று நான் டிக் அடிப்பது
சிலிண்டருக்கு மட்டும்.
காலி என்று எழுதி அனுப்பினால்
பதினான்கு கிலோ கூடித் திரும்புகிறது.
காற்றாகிப் போவதைத்
திராசில் வைத்தவள் நான்.
போன ஐப்பசியில்
மதுரை ரயிலைப் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமே
மூன்று மணி நேரம் பிடித்து வைத்தது காற்று.
ஜன்னல் வழியாகக் கையை நீட்டினேன்.
தடுத்தது எதுவும்
விரலில் அகப்படவில்லை.

ஆறு கிலோவைச் சம்பளத்தில் பிடிப்பதானால் பிடியுங்கள்.
மீன் எடை சரியாக இருக்கிறதா என்று மட்டும்
ஒருமுறை தனியாக நிறுத்துப் பார்க்கவும்.
நாங்கள் விற்றது மீன்.
கூட வந்தது
வழியில் இறங்கிக்கொண்டது.

இரண்டாம் பக்கத்தில் மை பரவியிருந்தால் மன்னிக்கவும்.
எழுதும்போது மேசையில்
இன்னொரு பெட்டி இருந்தது.

இப்படிக்கு,
சூ. பிரகாசி,
பார்சல் கவுண்டர், மண்டபம்.