இடுப்புக்கு மேலே நாலு விரல்

களியக்காவிளையில் பேருந்து திரும்பும் இடத்துக்கு
நூறடி தள்ளி, டயர் கடை மாடியில் ஒத்திகை.
ஜன்னலோரம் போனால் போதும்,
கேரளம் உங்களை வரவேற்கிறது என்று
கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும்.

பதினோரு வருடம்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே வாசித்தவள் நான்.
கிட்டார் என் தொடையில், நான் கட்டிலில்.
யாருக்கும் யாரும் பாரமில்லை.

பாறசாலைப் பக்கம் ஒரு கோயில் உத்சவம்,
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.
"ஸ்டேஜில கசேரை கெடையாது விஜிலா,
நின்னுதான்."

நிற்பதா?
மார்த்தாண்டம் ஜவுளிக்கடையில்
காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பது வரை
நிற்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
கடைப் பெண்களும் உட்காரலாம் என்று
எல்லைக்கு அந்தப் பக்கம் முதலில் சட்டம் வந்தது.
பிறகு இந்தப் பக்கமும் வந்தது.
பட்டுப் பிரிவில் ஏழு பேருக்கு ஒரு ஸ்டூல்.
பெரும்பாலும் அதில் உட்கார்ந்திருப்பது
தள்ளுபடி அட்டை.

வார், பழைய கார் உடைக்கும் கடையில் வாங்கிய
சீட் பெல்ட்.
யாரையாவது பிடித்து நிறுத்தியதா, விட்டுவிட்டதா,
நான் கேட்கவில்லை.
மாட்டி எழுந்ததும்
கிட்டாரின் தலை தரையைப் பார்த்துச் சரிந்தது.
இடக்கை வாசிப்பதை விட்டுவிட்டு
ஏந்திக்கொண்டு நின்றது.
சுடிதாரில் நைலான் வழுக்குகிறது, வேறொன்றுமில்லை.
அன்றிரவே பழைய துவர்த்தில் ஒரு முழம் வெட்டி
உட்புறம் தைத்தேன்.
சரிவு நின்றது. உயரம்தான் பாக்கி.

"கொறச்சு தாழ்த்து சேச்சி,
முட்டு வரை வரணும், அப்பழே லுக் உள்ளூ" என்றான்
பேஸ் வாசிக்கும் ஷிபின்.
தாழ்த்தினேன்.
எஃப் பிடிக்கப் போனால்
மணிக்கட்டு குடைக் கைப்பிடியாய் வளைகிறது,
சுண்டுவிரல் ஊரிலேயே இல்லை.
இரண்டாம் பாட்டில் கட்டைவிரலடியில் ஓர் எறும்பு கடித்தது.
மூன்றாம் பாட்டில் அது சொந்தக்காரர்களோடு வந்தது.

நெஞ்சுவரை ஏற்றினேன்.
விரல்கள் சரியாய் விழுந்தன, ஆனால்
ஏப்பம் விடக் குழந்தையைத் தூக்கிப் போட்டது போலத்
தாடைக்குக் கீழே கிட்டார்,
காதுக்குப் பக்கத்தில் வலது தோள்.
தபேலா ரெஜிகுமார் சிரிப்பை இருமலாக்கினான்.
அவன் இருமலுக்கு ஒரு விரல் இறக்கினேன்,
வலிக்கு அரை விரல் ஏற்றினேன்.
கொக்கியை நகர்த்தி நகர்த்தி
நகம் ஒன்று போயிற்று.

மறுநாள் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம்.
பிரித்துப் போட்டதில் எடுத்தது இரண்டு,
மடித்தது நாற்பது.
மடித்த அடுக்கை வயிற்றோடு அணைத்து
அலமாரிக்கும் மேசைக்குமாய் நடக்கையில்
சட்டென்று நின்றுவிட்டேன்.
முழங்கை மடங்கியிருக்கிறது, மணிக்கட்டு நேராயிருக்கிறது,
தோள் தன் இடத்தில் கிடக்கிறது.
இத்தனை வருடமாய் இந்தப் பாரம்
எங்கே உட்காரும் என்று
எனக்குச் சொல்லாமலே உடம்பு வைத்திருந்த இடம்.
சேலைகளை இறக்கி, இடுப்பெலும்பிலிருந்து
விரல் வைத்து அளந்தேன். நாலு.
"வயறு வேதனையா மோளே?" என்றாள் மணப்பெண்ணின் அம்மை.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மாலையில் கொக்கியை அங்கே நிறுத்தி
பெல்ட்டில் ஒரு கோடு போட்டேன்,
நகப்பூச்சில், ரத்தச் சிவப்பு.
"லுக் போயி" என்றான் ஷிபின்.
போகட்டும்.

உத்சவத்தன்று பதினேழு பாட்டு.
பத்தாவதில் கரண்டு போனது.
இருட்டில் யாரோ
ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் பின்னால் தள்ளினார்கள்.
கழற்றாமலே உட்கார்ந்தேன்.
வார் தளரவில்லை, இறுகவுமில்லை,
கிட்டார் இருந்த இடத்திலேயே இருந்தது.
எழுந்து பார்த்தேன். அப்படியே.
மறுபடி உட்கார்ந்தேன். அப்படியே.

ஜெனரேட்டர் உறுமி, விளக்கு வந்து,
பதினொன்றாம் பாட்டின் பெயரையும் சொல்லிவிட்டார்கள்.
கையில் கட்டன்சாயா இன்னும் பாதி இருந்தது.
உட்கார்ந்தே தொடங்கினேன்.
யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.