விளாவிய நீர்

தையல் மிஷினை எடுத்துப்போகத்தான் வந்தேன்.
சாஸ்கடூனில் அன்று மைனஸ் முப்பத்து நாலு.
மூச்சு இமையில் உறையும் குளிர்.
காரின் ஹீட்டர் வயரைச் சுவரில் செருகவில்லை,
ஐந்து நிமிட வேலைக்கு எதற்கு என்று.

கதவைத் திறந்த ஓரெஸ்ட்
இடது கையை வலது கையில் ஏந்தியிருந்தான்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல.
"பிஷப்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

பிஷப் எங்கள் மீன்.
அவனுடைய மீன். தாளில் அப்படித்தான் இருக்கிறது:
நானூற்றைம்பது லிட்டர் உப்புநீர், பம்பு, விளக்கு,
லயன்ஃபிஷ் ஒன்று, கணவருக்கு.
தையல் மிஷின், மனைவிக்கு.
கடலுக்கு இரண்டு நாள் கார்ப்பயணம் தள்ளி
கோதுமை நிலத்துக்கு நடுவே
அங்கி விரித்து நிற்கும் ஒரு மேற்றிராணியார்.

கண்ணாடிப் பாசியைச் சுரண்டியிருக்கிறான்,
வெறுங்கையால்.
மீன் துரத்தவில்லை. அதற்கு அந்த அவசியம் இல்லை.
முதுகைச் சற்றுச் சாய்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவிரலில் இரண்டு புள்ளி,
குண்டூசி குத்தினாற்போல்.
இதற்கா இந்த முகம் என்று நினைத்தேன்.
முழங்கைவரை கடுகடுக்கிறது என்றான்.
தோளுக்கு ஏறுகிறது என்றான்.
பிறகு பல்லைக் கடித்தபடி
அவன் அம்மா அடுப்படியில் மட்டும் சொல்லும்
உக்ரேனிய வசவு ஒன்றைச் சொன்னான்.

தொலைபேசியில் வந்த செவிலிப்பெண்
கடலைப் பார்த்ததில்லை என்பது குரலில் தெரிந்தது.
ஏதோ பக்கத்தைப் புரட்டினாள்.
மூச்சு திணறுகிறதா? உதடு வீங்குகிறதா? மயக்கம்?
இல்லை, இல்லை, இல்லை.
ஐஸ் வேண்டாம். இறுக்கிக் கட்ட வேண்டாம். கீறவே வேண்டாம்.
முள் நுனி உள்ளே நிற்கிறதா பாருங்கள்.
வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றுங்கள்.

அதுவரை நான் அதைப் பார்க்கவில்லை.
கையெழுத்துப் போட்டு பதினான்கு மாதம்;
அடுத்த விரலில் அதே மோதிரம்.
பாத்திரச் சோப்பைத் தடவித்
திருகித் திருகி இழுத்தேன்.
முட்டியில் நின்றது. அவன் அலறினான்.
போட்டபோது இவ்வளவு சிரமம் இல்லை.

வெந்நீர், என்றாள் அவள்,
அவர் தாங்குகிற சூட்டில், ஆனால் தோல் வேகக் கூடாது.
முட்டை வெள்ளைபோல விஷம் சூட்டில் குலையும்.
ஒன்று முக்கியம்:
முள் தைத்த கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.
நல்ல கையால் பதம் பாருங்கள்.

அவன் நல்ல கை நடுங்கிக்கொண்டிருந்தது.
ஆகவே என் கை.

விளாவினேன்.
கெட்டில் நீர், குழாய் நீர், மறுபடி கெட்டில்.
பியர் காய்ச்ச அவன் வைத்திருக்கும் தெர்மாமீட்டர்
நாற்பத்து நான்கு காட்டியது.
போர்ஷ் வைக்கும் பெரிய பானைக்குள்
அவன் கையும் என் கையும்.
"இன்னும் சூடாக" என்றான்.
"போதும்" என்றேன்.
எங்கள் பதினொரு வருடத்தை
இந்த இரண்டு வரியில் எழுதியிருந்தால்
வக்கீல் செலவு மிச்சம்.

தொண்ணூறு நிமிடம்.
ஆறிய நீரை மாற்ற மாற்ற
வலி தோளிலிருந்து இறங்கியது, முழங்கையில் நின்றது,
பிறகு மணிக்கட்டுக்கு,
எங்களுக்குக் காலை வைத்துப் பார்க்கத் தெரியாத
இருட்டுப் படிகளில் அது மட்டும்.
பேசினோமா? பேசினோம்.
பம்பின் சத்தம் மாறியிருப்பதைப் பற்றி.
டெட்டனஸ் ஊசி எந்த வருடம் போட்டது என்பதைப் பற்றி.

பிஷப் எந்த வருத்தமும் இல்லாமல் மிதந்தார்.
பாதி சுரண்டிய பாசிக்குப் பின்னாலிருந்து
ஒரு கண்ணால் எங்களைப் பார்த்தார்.
பசி.
நீள இடுக்கியில் இறால் துண்டு நீட்டினேன்.
அந்த இடுக்கி நான் வாங்கியது. பட்டியலில் இல்லை.

காலையில் டாக்டரிடம் காட்டு என்று சொல்லிவிட்டு
மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
மோதிரம் சோப்புத் தட்டில் கிடந்தது.
இருவருமே எடுக்கவில்லை.

சாவியைத் திருப்பினேன்.
இரண்டு முறை முனகியது கார்.
மூன்றாம் முறை அதுவும் இல்லை.
அண்ணாந்து பார்த்தேன்.
மேலே சமையலறை வெளிச்சத்தில்
ஒற்றைக் கையால்
கெட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தான்.