முதல் பந்தி

கரண்ட் போன புதன்கிழமை இரவில்தான்
தன் நிழல் தன்னைவிடப் பெரியது என்று
தேனம்மை கண்டாள்.
புனேயில் பதினான்காவது மாடி அவளுக்கு.
அங்கே இருட்டு என்பது
ஜெனரேட்டர் உறுமும் வரைக்கும், எட்டு விநாடி.
இங்கே காரைக்குடி சுப்பிரமணியபுரத்தில்
டிரான்ஸ்பார்மர் வெடித்தால் வெடித்ததுதான்.
மெழுகுவத்தியைக் கொஞ்சம் நகர்த்தினாள்,
கூரையில் மோதி மடிந்தது அவள் தலை.
"அயித்தை, இது சுவத்துல ஒட்டிக்குமா?"
விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

அதற்கு முந்தின நாள் காற்று.
கூடவே ஆலங்கட்டி, ஐந்தே நிமிஷம்.
பக்கத்து வீட்டுத் தகரத்தில் யாரோ
புளியங்கொட்டை மூட்டையை அவிழ்த்துவிட்ட மாதிரி.
எனக்கு நாற்பத்தி நாலு வயது.
இந்த ஊர் வானம் கெட்டியாக விழுந்து
நான் பார்த்ததே இல்லை.
சொன்னால் அவள் நம்பவில்லை.
பெரியவர்களுக்கு எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்
என்பது அவள் கணக்கு.
ஏழெட்டுக் கட்டிகளைப் பொறுக்கி
எவர்சில்வர் டம்ளரில் போட்டு,
பெனாசிர் தொண்டியிலிருந்து கொண்டுவந்த
வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஃபிரீசரில் வைத்தாள்.
"யாரும் தொடக் கூடாது."

பெனாசிர் என்னோடு விலங்கியல் படித்தவள்.
கடலோரத்தில் பிறந்து
கணுக்காலுக்கு மேல் கடல் படாதவள்.
வெள்ளிக்கிழமை கோட்டையூர்த் தோட்டத்தில்
கண்ணாடியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு
சுடிதாரோடு பம்புசெட் தொட்டிக்குள் இறங்கினாள்.
முதுகில் தண்ணீர் அடிக்க அடிக்க
என்னவோ கத்தினாள்,
மோட்டார் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை.
அப்புறம் கேட்டதற்கு "சும்மாதான்" என்றாள்,
மூக்கைச் சிந்திக்கொண்டே.
அவள் மகன் இர்ஃபானுக்கு அன்றைக்கு முதல் வேட்டி.
பெல்ட் போட்டும் வரப்பில் இரண்டு தடவை அவிழ்ந்தது.
மூன்றாம் தடவை தோளில் போட்டுக்கொண்டு
அரைக்கால் டவுசரோடு நடந்தான்,
இந்தப் பக்கத்து வழக்கமே அதுதான் என்பதுபோல.

வியாழனை விட்டுவிட்டேன்.

வியாழன் காலை
என் வீட்டுக்காரரும் தம்பி லெட்சுமணனும்
இன்றைக்குச் சமையல் எங்கள் பொறுப்பு என்று
அறிவித்தார்கள், தேர்தல் வாக்குறுதி மாதிரி.
வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் விரிந்து
இலங்கைப் படம் ஆனது.
சாம்பாரில் புளி இரண்டு முறை விழுந்தது.
உப்பு, யார் போட்டது என்ற விசாரணையில்,
விழவே இல்லை.
ஒன்றரை மணிக்கு இலை போட்டு
எங்களைக் கூப்பிட்டார்கள்.
தம்பி பெண்டாட்டி சிகப்பி, பெனாசிர், நான்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.
இந்தக் கூடத்தில் முதல் பந்தியில் நான் உட்கார்ந்ததில்லை.
உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஒரு கையில் ரசவாளி, மறு கையில் கரண்டி,
அப்படியே நின்றுவிட்டேன் போல.

சோற்றின் ஆவியில் கண்ணாடி மூடிக்கொண்டது.
தடவி எடுத்து அப்பளத்தை உடைத்தேன்.
சத்தம் வந்தது.
அப்பளம் என்றாலே நமத்தது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேனோ என்னவோ,
இன்னொன்றையும் உடைத்தேன்.
தின்பதற்கில்லை, சத்தத்துக்கு.
சிகப்பி என்னைப் பார்த்தாள்.
எதுவும் பேசாமல் தன் இலையிலிருந்ததை எடுத்து
என் இலையோரம் வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் சோறு?"
சட்டை முதுகில் ஒட்ட,
குனிந்தபடி கேட்டார் இவர்.
"இருங்க, சொல்றேன்" என்றேன்.
இருந்தார்.

ஞாயிறு விடிகாலை பல்லவனுக்கு ஆட்டோ வந்தது.
தேனம்மையைத் தூக்கத்திலேயே தூக்கிப் போனார்கள்.
பகலில் ஃபிரீசரைத் திறந்தேன்.
வஞ்சிரம் தீர்ந்திருந்தது, வாசம் தீரவில்லை.
புதன் இரவு உருகி,
கரண்ட் வந்தபின் மறுபடி உறைந்திருந்தது ஆலங்கட்டி,
டம்ளரின் வடிவத்தில்,
அடியில் ஒரு வேப்பங்காய்க் காம்போடு.

சாயங்காலம் போன்.
"அயித்தை, இருக்கா?"
"இருக்கு."
"அதே மாதிரியா?"

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்தபடி
நின்றுகொண்டிருந்தேன்.
கால்விரல்கள் சில்லிட்டன.