வியாழக்கிழமைக் கறை

சுவர் மெல்லியது.
பீல் நகரில், ஏரிக்கு இறங்கும் தெருவில்,
நான்காம் மாடியில்
ரெட்டோவின் வியோலாவுக்கும் என் தாளுக்கும் இடையே
ஒரு செங்கல் தடிப்புத்தான்.

அவர் பேருந்து ஓட்டுகிறவர்.
ஏரிக்கரை நெடுக நாள் முழுக்கப் போய்ப் போய்
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்.
நான் கடிகார ஆலையில் முள் பொருத்துகிறவள்.
தூசி நுழையாத அறை, விரலுக்கு ரப்பர் உறை,
நாளுக்கு முந்நூற்று எண்பது முள்.
குத்தாத முட்கள்.
கையில் நான் கடிகாரம் கட்டுவதில்லை.

முதல் முறை அவர் கதவைத் தட்டியது
சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான்.
திறந்தவரின் தாடைக்குக் கீழே
வியோலா அழுத்திய சிவப்புத் தழும்பு.
என் விரலில் காயாத நீலம்.
வந்த காரியம் மறந்து,
‘அந்தக் கடைசி வரி என்ன நிறம் தெரியுமா?’ என்றேன்,
பாதி ஜெர்மன், பாதி கையசைவு.

அதன்பின் ஒப்பந்தம்.
ஒரு வியாழன் அவர் வாசிக்க நான் தீட்டுவேன்;
வில் நின்றால் தூரிகையும் நிற்க வேண்டும்.
மறு வியாழன் அதே தாளைத் தாங்கியில் வைத்து
இடமிருந்து வலமாக அவர் வாசிப்பார்.

‘இதற்கு உங்கள் மொழியில் சொல் உண்டா, சுக்கி?’
(சுகிர்தா அவர் நாவில் முழுதாய் ஏறாது.)
உண்டு என்றேன். வண்ணம்.
நிறமும் அதுதான், சந்தமும் அதுதான்.
இன்னொன்றும் கொடுத்தேன், கேட்காமலே. காலம்.
கடந்து போவதும் அது,
பாட்டு நடக்கிற நடையும் அது.
பயணச்சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டார்.
வண்ணத்தில் ஒரு ண் உதிர்ந்திருந்தது.

நவம்பர். மூன்று நாளாக மூடுபனி.
எதிர்க்கரை இல்லை, மலை இல்லை,
ஏரியே இல்லை;
நாணல் மட்டும், அதுவும் இடுப்புவரை.
நனைத்த தாளில் சாம்பல் தன்பாட்டில் நடந்தது.
ஈரத்துக்கு ஓர் அவசரம், இசைக்கு வேறோர் அவசரம்,
இரண்டுக்கும் நடுவில் என் மணிக்கட்டு.
அப்போதுதான் ரெட்டோவின் விரல் வழுக்கியது.
கதவிடுக்கில் துணி கிழிகிற மாதிரி ஒரு சுரம்.
நான் திடுக்கிட
தூரிகை நுனியிலிருந்து ஒரு துளி,
செங்காவி,
அதை எப்போது தொட்டேன் என்றே தெரியாது,
பனியின் நடுவில் விழுந்து
விளிம்பு விரிந்து
நின்றுவிட்டது.
அவர் கவனிக்கவில்லை. வாசித்து முடித்தார்.

மறு வியாழன்
சாம்பல் முழுவதையும் ஒற்றைத் தந்தியில் கடந்தார்.
துளிக்கு வந்ததும் நிறுத்தி
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
பிறகு அதே சுரம்.
போன வாரம் பிசகிய அதே இடம்.
இம்முறை தெரிந்தே தொட்டு
ஓர் ஆள் மூச்சளவு கார்வை கொடுத்து
கைவிட மனமில்லாமல் விட்டார்.

‘கரையில் யாரோ நிற்கிறார்கள், இல்லையா?
சிவப்பு மேலங்கி.
என் அம்மாவிடம் ஒன்று இருந்தது.
அப்பாவின் படகு திரும்பும்வரை நிற்பாள்,
திட்டுவதற்காக.’

அது உங்கள் பிழை, ரெட்டோ,
என்று சொல்லியிருக்கலாம்.
எனக்கும் அது வெறும் துளியாக இருக்கவில்லை.
எதுவாக இருந்தது என்று சொல்ல
இன்னொரு வியாழன் வேண்டும்,
இன்னும் கொஞ்சம் ஜெர்மனும்.

ஏரி எதையும் வைத்துக்கொள்வதில்லை.
வியோலாவும் வாசித்ததை அங்கேயே விட்டுவிடுகிறது.
தாள்தான், பாவம்,
விழுந்ததைப் பிடித்துக்கொண்டு
ஓரம் சுருண்டு கிடக்கிறது.

மார்ச்சில் வெயில் அந்தச் சுவர்வரை வரும்.
கண்ணாடிச் சட்டம் போடு, நிறம் போய்விடும் என்றார்கள் ஆலையில்.
போடவில்லை.
செங்காவி ஒரு சாயல் வெளுத்திருக்கிறது.
நான் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.
நேற்று அந்த இடத்தை
சரியாக அந்த ஒரு சாயல் மெதுவாக வாசித்தார்.