ஏகமனதாக

பதினொரு வருடம் இந்தச் சொல்லை எழுதினேன்.
ஹப்புகஸ்தலாவைப் பள்ளி நிர்வாகக் கூட்டறிக்கையில்
நீல மையில், ஈரம் ஏறிய தாளில்,
ஒவ்வொரு தீர்மானத்தின் வாலிலும்
"ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது."

ஏழு பேர் நாங்கள். மனது ஒன்று.
அது நிஸ்தார் ஹாஜியாருடையது.

கெட்டவரில்லை அவர்.
இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.
காற்று கூரைகளைக் கொண்டுபோன வருடம்
கடையைத் திறந்துவைத்துத் தகரம் கொடுத்தார்,
கொப்பியில் ஒரு பெயரும் பதியாமல்.
கபன் துணிக்கு யாரையும் அலைய விட்டதில்லை.
ஆனால், "மஷூரா செய்வோம்" என்று அவர் உட்காரும்போது
சீமெந்து லொறி நாவலப்பிட்டியைத் தாண்டியிருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான்.
இரண்டாவது மினாராவுக்கு அத்திவாரம்.
கட்டாரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பிய காசு,
மேசையில் பளபளவென்று வரைபடம்.
என் கோப்பில் பரீனா டீச்சரின் கடிதம்:
மத்ரஸாவுக்குப் பின்னால் அணைச்சுவர் வெடித்திருக்கிறது,
பெண்பிள்ளைகள் ஓதும் அறைப் பக்கம்.
மூன்றாவது தடவையாக எழுதுகிறேன்.
"கிடைத்தது என்று போடுங்க" என்றார் ஹாஜியார்.
போட்டேன்.
பொருளாளர் மிஹ்ளார் வாயைத் திறந்தார்.
இஞ்சி பிளேன்டி வந்தது.
திறந்த வாய்க்கு அது போதுமாயிருந்தது.

தபால் கந்தோரில் முப்பது வருடம்
முத்திரை குத்தியவன் நான்.
வராத கடிதத்தை வந்ததென்று
ஒரு நாளும் குத்தியதில்லை.
அன்றிரவு சுத்தப் பிரதி எழுதும்போது
"ஏக" வரை வந்து பேனை நின்றது.
வெட்டினேன். கீழே எழுதினேன்:

தலைவர் தீர்மானித்தார்.
ஏனையோர் தேநீர் அருந்தினர்.
அணைச்சுவர் பற்றி எவரும் எதுவும் கேட்கவில்லை,
செயலாளர் உட்பட.

கூட்டறிக்கையில் ஒரு சங்கடம்,
அடுத்த மாதம் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

இஷாவுக்குப் பிறகு வாசித்தேன்.
கதவிடுக்கால் பனி வந்து எங்களோடு உட்கார்ந்தது.
ஒருவர் செருமினார்.
ஒருவர் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார்,
பதிலை அங்கே தைத்து வைத்திருப்பது போல.
"அந்த வரியைத் திரும்ப வாசிங்க" என்றார் ஹாஜியார்.
எந்த வரி என்று நான் கேட்கவில்லை.

"நானும்தானே தேத்தண்ணி குடிச்சேன்.
அதையும் எழுதுங்க."

சிரிப்பா, கோபமா?
இன்றுவரை எனக்குத் தெரியாது.

டோர்ச் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.
ஏழு சாரங்கள், ஏழெட்டு அட்டைகள், விடாத தூறல்.
சுவர் எங்கள் வெளிச்சத்துக்கு வயிறு காட்டி நின்றது.
ஹாஜியார் தன் பேனையை வெடிப்பில் செருகினார்.
மூடி வரை போனது.
பிறகு மூடியும் போனது.
திரும்ப எடுக்கக் கிடைக்கவில்லை.

அன்றுதான் வாக்கெடுத்தோம், முதல் தடவையாக.
கை தூக்கிப் பழக்கமில்லை.
துஆவுக்குப் போல இரண்டு கையும் ஏந்தினார் ஒருவர்;
ஒன்றாகவே எண்ணினேன்.
சுவர் முதலில்: ஐந்து.
மினாரா முதலில்: இரண்டு.
இரண்டில் ஒன்று ஹாஜியாருடையது.
"கட்டார்ப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திட்டேன்" என்றார்,
சுவரைப் பார்த்து அல்ல, எங்களைப் பார்த்தும் அல்ல.
பிறகு என்னுடைய பேனையை இரவல் வாங்கி
தான் தோற்ற தீர்மானத்தின் கீழ்
கையெழுத்து வைத்தார்,
வழக்கத்தைவிடச் சின்னதாக.

மூன்று வாரம் என் ஸலாமுக்குப் பதில் சொன்னார்,
அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.
நாலாம் வாரம் அவர் கடையிலிருந்தே
நாற்பது மூடை சீமெந்து வந்தது,
பில்லோடு.
கழிவு என்ற இடத்தில் ஒரு கோடு.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று இருந்தது.
பில்லைத் திரும்பப் பார்த்தேன். நாற்பதுதான்.

கிடைத்தது என்று போட்டேன்.
எத்தனை என்று எழுத
நெடுநேரம் யோசித்தேன்.