ஒரு விரல் பள்ளம்

பதினோராம் நாள்
ரிஃபாயா என் இடத்தோளின் முனையில் விரல் வைத்தாள்.
விரல் உள்ளே போனது.
"இதுக்கு மேல எறங்க விடக்கூடாதுண்ணே."

பாரிச வாயு என்றது பாம்பன்.
பக்கவாதம் என்றது ஆஸ்பத்திரிச் சீட்டு.
எனக்குத் தெரிந்தது எடை மட்டும்.
நனைந்த வலைமடி போல
ராத்திரி முழுக்கக் கை
தோளைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

ராமநாதபுரத்தில் அந்த அறை வாசலில்
போனை வாங்கிக்கொண்டார்கள். சாவி, செபமாலை,
சட்டைப்பையில் மறந்த இரண்டு தூண்டில் முள்.
"காந்தம்ணே."
காந்தம் எனக்குத் தெரியாதா?
இருபத்தாறு வருஷம் திசைகாட்டிப் பக்கத்தில்
ஒருத்தனைக் கத்தி வைக்க விட்டதில்லை நான்.

தட்டு மாதிரி ஒன்று, சட்டைக்கு மேலேயே.
டக் டக் டக் டக்
கலப்பத்து அடிக்கிற சத்தம்.
ஊசி கிடையாது, எரிச்சல் கிடையாது.
தோள்சதை துள்ளியது,
அடங்கியது,
மறுபடி துள்ளியது.
நான் சொல்லவில்லை.
என்னைக் கேட்காமல் என் கை
வேறொருத்தி பேச்சுக்கு எழும்புவதைப் பார்த்து
ரூபி சிரித்தாள்,
பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விரல் எப்போது மடங்கும் என்று கேட்டேன்.
"அது அப்புறம்ணே.
எலும்பு குழியை விட்டு நழுவாம இருக்கணும்,
தோள் வலிச்சு இறுகாம இருக்கணும்.
சதையத் தூங்க விடாமப் பாத்துக்குறோம். அவ்வளவுதான்."

ராமேஸ்வரம் பஸ் வந்ததும்
மச்சினன் கஸ்பார் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் பார்த்தான்.
பாசத்தில்தான்.
"எடக்கையத் தொடாதடா!"
ரூபி போட்ட சத்தத்தில் டிரைவரே இறங்கி வந்தார்.
இடுப்பைப் பிடி. கையை மடியில் வை. தலகாணி எங்கே?
முட்டைக்கூடை மாதிரி ஏற்றினார்கள் என்னை.

"என்ன முன்னேத்தம்?" தெருவில் கேட்கிறார்கள்.
ஆறு வாரம்.
கை அப்படியேதான் கிடக்கிறது.
தோள் வலி வரவில்லை.
வராததை எப்படிக் காட்ட?

ஒரு கார்த்திகையில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
புயல் வடக்கே போய்விட்டது.
நாலு நாள் பிழைப்பு போச்சென்று
கூண்டு ஏற்றினவனைத் திட்டினதில்
நானும் ஒருத்தன்.

ராத்திரி விளக்கணைக்கும் முன்
ரூபி தோள்முனையைத் தடவிப் பார்க்கிறாள்,
அடுப்பில் கேஸ் மூடியதா என்று பார்க்கிற கையால்.
நகம் வரைக்கும் போகிறது.
நகம் வரைக்கும்தான்.