கால்வாசிக் கணக்கு

பதினொன்று முதல் ஏழு வரை ஸ்டாண்ட்பை
என்று ரோஸ்டரில் இருந்தது.
அழைத்தால் தொண்ணூறு நிமிடத்தில்
பீளமேட்டில் நிற்க வேண்டும், சீருடையோடு,
குழாயில் ஊதிக்காட்டத் தயாராக.
அழைக்காவிட்டால் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் கால்வாசிக் கணக்கு:
எட்டு மணி காத்திருந்தால்
இரண்டு மணி உழைத்ததாக எழுதிக்கொள்வார்கள்.

அன்று இரவு எட்டரைக்கு, காங்கேயத்தில்,
தம்பி தரணீஷுக்கு இணைச்சீர்.
கூடப் பிறந்தவள் நான் ஒருத்தி.
லீவு கேட்டதற்குப் பதில் ஒரு மாதம் கழித்து வந்தது:
முகூர்த்தத்துக்கு உண்டு, முந்தின நாளுக்கு இல்லை.
மாற்றிக்கொள்ள ஆள் தேடினேன்.
ஃபெர்னாண்டஸுக்கு வார ஓய்வு குறையும்.
இர்ஃபான் இரண்டு ராத்திரி தொடர்ந்து பறந்துவிட்டான்.
விதி நல்ல விதி.
தூங்காதவன் கையில் விமானத்தைத் தராத விதி.
அதன்மேல் எனக்குக் கோபமில்லை.
அதைப் படித்தேன், அவ்வளவுதான்,
வக்கீல் பத்திரம் படிக்கிற மாதிரி.

தொண்ணூறு நிமிடம் என்றுதான் இருந்தது.
வீட்டில் என்று எங்கேயும் இல்லை.

மூன்று மணிக்கு,
காரின் பின்கொக்கியில் வெள்ளைச் சட்டை,
பக்கத்துச் சீட்டில் அரக்குப் பட்டு,
திருச்சி ரோட்டில் கிளம்பினேன்.
சூலூர் தாண்டும்போது இருபத்தைந்து நிமிடம்.
காரணம்பேட்டையில், ஜல்லி லாரிகளுக்குப் பின்னால், நாற்பது.
பல்லடத்தில் ஒரு பேக்கரி முன்னால் நிறுத்தினேன்.
திரும்ப ஐம்பது. சனிக்கிழமை நெரிசலுக்கு இருபது.
சட்டை மாற்றி, கொண்டை போட, பத்து.
மிச்சம் பத்து.
இதற்குமேல் ஒரு கிலோமீட்டர் போனாலும்
அது கணக்கல்ல, துணிச்சல்.

தேங்காய் பன். டீ. இன்னொரு டீ.
கறிக்கோழி ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.
"ஆருக்குங்க காத்துட்டிருக்கறீங்க?" என்றார் டீ மாஸ்டர்.
"போனுக்குங்க."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நாலேகாலுக்கு டெல்லி கிளம்பியிருக்கும்.
இனி அது என் தலையில் விழாது.
ஐந்துக்குமேல்
காத்திருந்த நேரமே பணிநேரத்தைத் தின்னத் தொடங்கியது.
இனி அழைத்தாலும் நீளமாக எதுவும் தர முடியாது.
ஒரு சென்னை, போய்த் திரும்ப.
ஒரு ஹைதராபாத், போய்ப் படுக்க.
கடை சாத்துகிறவன் பலகை வைப்பதுபோல
வானத்தை ஒவ்வோர் ஊராக மூடிக்கொண்டு வந்தேன்.
ஆறே முக்காலுக்கு
ஒரே ஒரு பலகை பாக்கி.

ஆறு ஐம்பத்திரண்டு. குருகிராம் எண்.
"மேடம், வியாழக்கிழமை உங்க ரிப்போர்ட்டிங்
பத்து நிமிஷம் முன்னாடி வருது.
பார்த்துட்டேன்னு ஆப்பில் அழுத்திடுங்க."
அழுத்தினேன்.
விரல் தப்பான இடத்தில் பட்டு, மறுபடி அழுத்தினேன்.

ஏழு.
ஏழு ஒன்று.
பேக்கரிக் கழிவறையில், ஈரத்தரையில்,
முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு
பட்டு கட்டினேன்.

மேடையில் என் இடத்தில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள்.
பெரியப்பா மகள்.
மூன்று மணிக்கே பட்டுடுத்தி, பூவைத்து,
காப்பிகூடக் குடிக்காமல்.
"அவ வல்லீன்னா நீ உக்காந்துக்க கண்ணு"
என்று அம்மா சொல்லி வைத்திருந்தாளாம்.
என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அருமைக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.
சுகந்தி எழுந்தாள்.
கூறைச்சேலையின் முனையை என் கையில் வைத்தாள்.
அது அவள் வியர்வையில் நனைந்திருந்தது.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
கூப்பிடாத நாட்களில், நேரம் முடிந்து,
கசங்காத சட்டையைத் திரும்ப அலமாரியில் மாட்டும்போது
கண்ணாடியில் தெரிகிற முகம்:
தப்பித்தோமா, தவறவிட்டோமா என்று
இன்னும் தன்னையே கேட்டுக்கொள்ளாத முகம்.
மறுமுனையில் தம்பி சிரித்தான்.

பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
மூன்றிலிருந்து எட்டரை, ஐந்தரை மணி,
அதில் கால்வாசி எவ்வளவு என்று
மனசு தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது.
இலையில் தண்ணீர் தெளித்தபடி,
என்னைப் பார்க்காமல், அவள் சொன்னாள்:
"ஒனக்குப் போன் வந்துரும்னே
நெனச்சிட்டு இருந்தேன் அம்மிணி."